பிரசவத்துக்காக வேலையை விட்டு நின்றுவிடாதீர்கள்!



விடியற்காலையில் ஊர் முனையில் மில் வண்டி வந்து நிற்கிறது. சோற்றுத் தூக்குடன் பெண்கள் ஏறுகிறார்கள். அவர்களில் ஒருத்தி, ஏழாம் மாதம் ஆனதும் வண்டிக்கு வருவதில்லை. கேட்டால், "முடியல அக்கா, நின்னுட்டேன்" என்கிறாள்.

அந்த ஒரு சொல்லில் அவள் எவ்வளவு இழக்கிறாள் தெரியுமா? ஆறு மாதச் சம்பளம் போச்சு. பழைய வேலை போச்சு. பிரசவச் செலவுக்குக் கடன் வாங்குகிறார்கள். கடனை அடைக்க மூன்றாம் மாதமே புது ஆளாக வேறு மில்லுக்குப் போகிறாள். வீட்டில் குழந்தைக்குப் புட்டிப்பால். புட்டி சுத்தமாக இல்லாததால் வயிற்றுப்போக்கு. மறுபடியும் செலவு, மறுபடியும் கடன்.

இதெல்லாம் வேண்டியதே இல்லை. அவள் 'நின்றிருக்க' வேண்டாம்; லீவு கேட்டிருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலை செய்யும் தாய்மார்களுக்காக நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டே மகப்பேறு நலச் சட்டம் வந்தது. முதலில் 12 வாரமாக இருந்த லீவு 2017-இல் 26 வாரமாக உயர்ந்தது. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம்தான்.

* பிரசவத்துக்கு முந்தின 12 மாதத்தில் 80 நாள் அந்த இடத்தில் வேலை பார்த்திருந்தால் போதும்.
* 26 வாரமும் சம்பளத்தோடு லீவு. இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம்.
* ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்.
* கருச்சிதைவு ஆனால் 6 வாரம். தாய் குடும்பநல அறுவை செய்துகொண்டால் 2 வாரம்.
* லீவில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்கக் கூடாது.

"நான் காண்டிராக்ட் ஆளுங்க, எனக்கு ஏது?" என்று கேட்கலாம். காண்டிராக்டர் மூலம் வந்தவருக்கும் இந்த உரிமை உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்குப் பணம் முதலாளி கையிலிருந்து வராது, இ.எஸ்.ஐ. கொடுக்கும். அதன் நாள் கணக்கு வேறு. கிளை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

26 வாரம் எதற்கு?

குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர்கூட வேண்டாம். 26 வாரம் என்றால் 182 நாள், ஏறக்குறைய ஆறு மாதம். முடிந்தவரை பிரசவம் நெருங்கும் வரை லேசான வேலை பார்த்து, லீவின் பெரும் பகுதியைக் குழந்தைக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னால் உடனே ஓய்வு எடுங்கள்.

எப்படிக் கேட்பது?

1. கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். 12 வாரத்துக்குள் பதிந்தால் நல்லது.
2. லீவு எந்தத் தேதியிலிருந்து வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். டாக்டர் சான்றும் வையுங்கள்.
3. கொடுத்த கடிதத்தின் நகலில் கையெழுத்து வாங்கி, பத்திரமாக வீட்டில் வையுங்கள். வாய்ச்சொல் நாளைக்கு நிற்காது.
4. மறுத்தால் சண்டை வேண்டாம். நகலோடு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.

வேலைக்குத் திரும்பிய பின்

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, பால் கொடுக்க இரண்டு இடைவேளை தனியாக உண்டு.

குழந்தை வீட்டில் இருந்தால் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள கிண்ணத்தில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் பாலாடையால் புகட்டச் சொல்லுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் குழைந்த பருப்புச் சோறு போன்ற இணை உணவைத் தொடங்கி, இரண்டு வயது வரை தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

முதலாளிக்கு இதில் நஷ்டமா? இல்லை. வேலை பழகின கை திரும்பி வருகிறது. புது ஆளுக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. குழந்தை பக்கத்தில் இருந்தால் தாய்க்கும் மனசு வேலையில் நிற்கும். இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

கணவன்மார்களே!

தனியார் வேலையில் அப்பாவுக்கென்று சட்டப்படி பிரசவ லீவு கிடையாது. ஆனாலும் சூப்பர்வைசரிடம் சொல்லி ஷிப்டை மாற்றிக் கேட்கலாம். சேர்த்து வைத்த லீவைப் பிரசவ நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மனைவி எட்டு மணி நேரம் மில்லில் நின்றுவிட்டு வந்து, வீட்டில் தண்ணீரும் எடுத்து, அடுப்பிலும் நின்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? குடம் தூக்குவதும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் ஆண்பிள்ளைக்குக் குறைச்சல் அல்ல.

அடுத்த குழந்தைக்கு மூன்று வருஷமாவது இடைவெளி விடுங்கள். காப்பர் டி, ஊசி, ஆணுறை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். குழந்தை போதும் என்று முடிவு செய்தால், ஆண்களுக்கான தழும்பில்லாத கருத்தடை மிகச் சுலபம். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்று மாதம் மட்டும் ஆணுறை வைத்துக்கொண்டு, பிறகு பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு

நிலையான முதலாளி இல்லாத ஏழைத் தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. சீக்கிரமே பதிவு செய்து, பரிசோதனைகளுக்குத் தவறாமல் வந்தால்தான் தவணைகள் கிடைக்கும்.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். எந்தத் தேதியில் லீவு, யார் குழந்தையைப் பார்ப்பது, வீட்டு வேலையில் யாருக்கு என்ன பங்கு என்று குறித்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் நாளைக்கே உங்கள் ஊர் நர்ஸம்மாவைப் பாருங்கள்.

லீவு சலுகை அல்ல, உங்கள் உரிமை. கேளுங்கள், அதையும் எழுத்தில் கேளுங்கள்!