சாலையில் ஒரு மாணவப் பருவம்

மாணவப் பருவம் வகுப்பறையோடு முடிவதன்று. மோட்டார் வண்டி ஓட்டப் பழகுவோருக்கும் சட்டம் அத்தகைய ஒரு பருவத்தை வகுத்துள்ளது. அதன் விதிகள் பழகுவோரை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

வண்டி முந்தியது, விதி பிந்தியது. பிரிட்டனில் 1903ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டுநர் உரிமத்தைக் கட்டாயமாக்கிற்று. ஆனால் தேர்வு ஏதும் இல்லை. ஐந்து ஷில்லிங் செலுத்தினால் உரிமம் கிடைத்தது. 1935இல்தான் புதிய ஓட்டுநர்களுக்குத் தேர்வு கட்டாயமாயிற்று. அதுவரை, ஓட்டத் தெரியுமா என்று கேட்பாரின்றியே பலர் சாலைக்கு வந்தனர்.

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பதினெட்டு வயது நிரம்பியவர் முதலில் பழகுநர் உரிமம் பெறுதல் வேண்டும். அது ஆறு திங்கள் செல்லும். ஆயினும் 30 நாட்கள் கழியுமுன் ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல இயலாது. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பரப்பில் ‘எல்’ என்னும் ஆங்கில எழுத்தைச் சிவப்பில் பொறித்திருக்க வேண்டும். கார் பழகுவோர் அருகில் உரிமம் பெற்ற ஒருவர், வேண்டியபோது வண்டியை நிறுத்தத்தக்க நிலையில் அமர்ந்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பழகுவோர் கற்பிப்பவரையன்றி வேறெவரையும் ஏற்றலாகாது.

இவை வெறும் தடைகள் அல்ல என்பது என் கருத்து. சிவப்பெழுத்து, ‘இவர் புதியவர், பொறுத்தருள்க’ என்று பிறரிடம் நமக்காகப் பேசுகிறது. அருகிலிருப்பவர் நம் பதற்றத்துக்கு அணையாகிறார். முப்பது நாட்கள் நம் அவசரத்துக்குக் கடிவாளமாகின்றன.

ஆனால் தேர்வு எதைக் கேட்கிறதோ அதை மட்டுமே படிக்கும் பழக்கம் இங்கும் உண்டு. தமிழ்நாட்டில் இருசக்கர வண்டித் தேர்வு என்றாலே ‘எட்டுப் போடுதல்’ என்பர். காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு என்னும் எண்ணின் வடிவில் ஓட்டிக் காட்ட வேண்டும். மெதுவாகச் செல்லும்போதும் நிலைகுலையாதிருக்க அது நல்ல பயிற்சியே. எனினும் திடலிலே எதிரே பேருந்து வருவதில்லை. பந்தைத் துரத்திக் குழந்தை ஓடி வருவதுமில்லை. எட்டை மட்டும் பழகியவர் உரிமம் பெறலாம். சாலையை அறிந்தவர் ஆகார்.

ஆகவே, முப்பதாம் நாளையே குறியாகக் கொள்ளாதீர்கள். ஆறு திங்களையும் பயன்படுத்துங்கள். கற்பிப்பவர் துணையோடு இரவிலும் மழையிலும் நெரிசலிலும் பழகுங்கள். தேர்வில் தவறியவர் ஏழு நாள் கழித்து மீண்டும் வரலாம். சாலையில் தவறியவருக்கு அவ்வாய்ப்பு எப்போதும் கிட்டுவதில்லை.