மஞ்சள் காமாலைக்கு வலிப்பு மருந்தா?

மஞ்சள் காமாலையுள்ள பச்சிளங்குழந்தைக்கு நாங்கள் எழுதித் தரும் சீட்டில் ‘ஃபீனோபார்பிட்டோன்’ என்ற பெயரைக் கண்டு பெற்றோர் சிலர் திகைப்பதுண்டு. அது வலிப்பு நோய்க்குரிய மருந்து என்று மருந்துக்கடையில் சொல்லக் கேட்டு, குழந்தைக்குக் கொடுக்காமலே விட்டவர்களும் உளர். அவர்களைக் குறை கூற இயலாது. காரணத்தை விளக்க வேண்டியது எங்கள் கடமை.

இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து சிதைகின்றன. அப்போது உண்டாகும் மஞ்சள் நிறப்பொருளே பிலிரூபின். இது நீரில் கரையாது. கல்லீரலிலுள்ள ஒரு நொதி, இதனுடன் குளுக்குரோனிக் அமிலத்தை இணைத்து நீரில் கரையச் செய்கிறது. பிறகு அது பித்தநீருடன் குடலை அடைந்து மலத்தில் வெளியேறுகிறது. மலத்திற்கு அதன் இயல்பான நிறத்தைத் தருவதும் இதுவே.

ஃபீனோபார்பிட்டோன் இந்த நொதியைக் கூடுதலாக உண்டாக்குமாறு கல்லீரலைத் தூண்டுகிறது. ஆனால் தூண்டுவதற்கு நொதி சிறிதேனும் இருக்க வேண்டும். 1952ஆம் ஆண்டில் கிரிக்ளர், நஜ்ஜார் என்னும் இரு மருத்துவர்கள் விவரித்த அரிய பரம்பரை நோய் இதற்குச் சான்று. அதன் முதல் வகையில் நொதி அறவே செயல்படுவதில்லை; மருந்தாலும் பயனில்லை. நாள்தோறும் பல மணி நேர ஒளிச் சிகிச்சையும், முடிவில் கல்லீரல் மாற்று அறுவையும் தேவைப்படும். இரண்டாம் வகையில் நொதி சிறிதளவு உண்டு. அங்கே இம்மருந்து பிலிரூபினை நன்கு குறைக்கிறது.

வைரஸ் கிருமியாலோ பித்தக்குழாய் அடைப்பாலோ வரும் காமாலையை இது குணப்படுத்தாது. பிறந்த முதல் வாரத்தில் வரும் சாதாரண காமாலைக்கும் ஒளிச் சிகிச்சையே முதன்மையானது. மருந்து பலன் தரச் சில நாட்கள் ஆகும், ஒளியோ சில மணி நேரத்திலேயே பலன் தரத் தொடங்கும்.

அப்படியானால் உங்கள் குழந்தைக்கு ஏன்? பெரும்பாலும் அது சிகிச்சைக்காக அன்று, ஒரு பரிசோதனைக்காக. இரண்டு வாரங்களைக் கடந்தும் காமாலை நீடித்து, மலம் வெளிறிப் போனால், பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம் என ஐயுறுகிறோம். அதைக் கண்டறியும் ஸ்கேனுக்கு முன் சுமார் 5 நாட்கள் இம்மருந்தைக் கொடுத்தால் கல்லீரலிலிருந்து பித்தநீர் வெளியேறுவது மேம்பட்டு, முடிவு தெளிவாகக் கிடைக்கும். அடைப்பு உறுதியானால் கசாய் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் மிகுதி. மருந்தைக் கொடுக்காமல் விட்டு ஸ்கேன் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் அந்த 60 நாட்களிலிருந்தே கழிகிறது. வெளிறிய மலத்தைக் கண்டால் அந்தத் துணியையே கொண்டு வந்து காட்டுங்கள். எங்களுக்கு அது பேருதவி.

பெரியவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஃபீனோபார்பிட்டோனும் காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசினும் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் பெருக்குகின்றன. இதனால் கருத்தடை மாத்திரை, இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றின் ஆற்றல் குறையும். தூண்டும் மருந்தை நிறுத்தினால் வார்ஃபரின் அளவு மிகுந்து இரத்தக்கசிவு நேரலாம். உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையிலிட்டு எடுத்து வாருங்கள். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும்; அது காமாலை அன்று. கண்ணின் வெண்மை மஞ்சளானாலோ, பசியின்மையும் வாந்தியும் தொடர்ந்தாலோ அன்றே வந்து காட்டுங்கள்.

இம்மருந்தால் குழந்தை சற்றுக் கூடுதலாக உறங்கும். பால் குடிக்க எழுப்பியும் எழாவிட்டால், அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே எங்களிடம் அழைத்து வாருங்கள்.