கடல் கடந்து குடியேறியோர்: திருச்சிராப்பள்ளியிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு

கல்லங்குறிச்சி, அரியலூர் வட்டாரங்களை உள்ளடக்கியிருந்த பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டம், இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குத் தொழிலாளர் மிகுதியாகப் புறப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாகும்; தோட்ட உரிமையாளர்கள் 1904இல் தங்கள் ஆள்சேர்ப்பு ஆணையகத்தைத் திருச்சிராப்பள்ளியிலேயே நிறுவினர்.

வழிச்செலவைத் தோட்டம் முன்பணமாகத் தந்தபோதிலும், ஆள்சேர்த்து வேலையையும் மேற்பார்த்த கங்காணியின் வழியே அது தொழிலாளரின் பெயரில் கடனாக ஏறியது. தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லையே அவர்களுக்கு அடையாளமாகவும் பயணச்சீட்டாகவும் அமைந்தது. மண்டபம் முகாமில் சில நாள்கள் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பெற்று, மருத்துவச் சோதனையில் தேறியவர்கள், 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழியில் இலங்கை சேர்ந்தனர்.

தோட்டத்தில், 'லயம்' எனப்பட்ட வரிசைக் குடியிருப்பில் ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஓர் அறையே கிடைத்தது. தோட்டம் வழங்கிய அரிசியின் விலை கூலியில் பிடிக்கப்பட்டது. வேறு தோட்டத்துக்கு மாற விரும்பியவர், தம் கடன்தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டைப் பெற்று, புதிய தோட்டம் அக்கடனை அடைத்த பின்னரே விடுபட முடிந்தது.

குடியேற்ற வாழ்வைக் கடனோடு பிணைத்த இத்துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிக்கு 1927ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. தோட்டங்களைத் தம் உழைப்பால் உருவாக்கிய மக்களுக்கு இவ்விரண்டும் மிகவும் காலந்தாழ்ந்தே கிடைத்தன.