தோட்டத்தில் பழைய காசு கிடைத்தால் என்ன செய்யணும்? தங்கத்தை விட முக்கியம், அது கிடைத்த இடம்

2024 ஜூலை. கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் ஒரு ரப்பர் தோட்டத்தில், 100 நாள் வேலைத் திட்டப் பெண்கள் மழைநீர்க் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்குள் ஒரு பாத்திரம். வெடிகுண்டாக இருக்குமோ என்று முதலில் பயந்தார்கள். உள்ளே 17 முத்துமணிகள், 13 தங்கப் பதக்கங்கள், 5 மோதிரங்கள், வெள்ளிக் காசுகள். பஞ்சாயத்துக்குச் சொன்னார்கள், போலீஸ் வந்தது, விஷயம் தொல்லியல் துறைக்குப் போனது. என்ன கிடைத்தது, எங்கே, எந்த நாளில் என்பதெல்லாம் பதிவானது.

அதே கண்ணூர் பகுதியில், கோட்டயம் என்ற ஊரருகே 1847-இல் ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. எத்தனை? “ஐந்து கூலிச் சுமை” என்பதுதான் நமக்கு மிஞ்சிய கணக்கு. பெரும்பகுதி கைமாறி, உருகிப் போனது. சரியான எண்ணிக்கை இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்: பதிவு.

பாலக்காடு, இடுக்கிப் பக்கம் இது ஏன் முக்கியம்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். மேற்குக் கடற்கரையில் இறங்கிய ரோமானியக் காசு கொங்கு நாட்டுக்கு வந்த முக்கிய வழி இது. கணவாயின் இந்தப் பக்கம், கோவை வெள்ளலூரில் 1842-லும் 1931-லும் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அந்தப் பக்கம், திருச்சூர் மாவட்டம் எய்யாலில் 1940-களில் ரோமானியக் காசுகளோடு நம் நாட்டு முத்திரைக் காசுகளும் சேர்ந்தே கிடைத்தன. இரண்டும் ஒரே காலத்தில் ஒரே கையில் புழங்கியிருக்கின்றன என்று அந்தச் சேர்க்கைதான் சொல்கிறது. காசுகளைப் பிரித்து விற்றிருந்தால் அந்தத் தகவலே இருந்திருக்காது.

இடுக்கியில் மறையூர்ப் பக்கம் முனியறைகள் எனப்படும் பெருங்கற்காலக் கல்லறைகள் இருக்கின்றன. எல்லையோரத்தில் நிலம், எஸ்டேட், தாத்தா வீடு என்று ஏதாவது உங்கள் குடும்பத்துக்கு இருந்தால், இது உங்களுக்கும் வரக்கூடிய கேள்விதான்.

டிடெக்டர் வாங்கித் தேடலாமா?

வேண்டாம். கருவியின் வளையம் காந்தப்புலத்தை அனுப்பும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சின்ன மின்னோட்டம் உண்டாகும், கருவி ‘பீப்’ அடிக்கும். பானை, மணி, எலும்பு எதற்கும் அது வாய் திறக்காது. ‘பீப்’ வந்த இடத்தைத் தோண்டும்போது, கருவிக்குத் தெரியாத பாதியை நீங்கள் உடைத்துவிடுவீர்கள்.

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னப் பகுதியில் அனுமதியில்லாமல் தோண்டுவது 1958-ஆம் ஆண்டு தொல்லியல் சட்டப்படி குற்றம். காப்புக் காட்டுக்குள் தோண்டினால் வனச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

பிரிட்டனில் இது அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்குதானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் அங்கே 1997 முதல் பொதுமக்கள் கண்டெடுப்பதைப் பதிவு செய்யவே தனித் திட்டம் ஓடுகிறது. இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. 1992-இல் ஹாக்ஸ்னில் தொலைந்த சுத்தியலைத் தேடியவர் புதையலைக் கண்டதும், முழுக்கத் தோண்டாமல் தகவல் சொன்னார். அதனால்தான் காசுகள் இருந்த மரப்பெட்டி எப்படி அமைந்திருந்தது என்பதைக்கூட ஆய்வாளர்களால் கண்டுபிடிக்க முடிந்தது.

தற்செயலாகக் கிடைத்துவிட்டது. என்ன குறித்து வைக்கணும்?

• நிறுத்துங்கள். மிச்சத்தைத் தோண்டாதீர்கள். செங்களாயியில் மறுநாளும் அதே இடத்தில் காசுகள் கிடைத்தன.
• எடுப்பதற்கு முன் போட்டோ. அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனா வையுங்கள்.
• மேப்பில் பின் போட்டு எண்களைக் குறியுங்கள். சர்வே நம்பர், தேதி, நேரம், தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்பதையும் எழுதுங்கள்.
• கூட என்ன இருந்தது? ஓடு, கரி, துணி, எதுவானாலும்.
• புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தும் உருவமும் அதோடு போய்விடும்.
• ஒரிஜினல் போட்டோவை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவில் லொகேஷன் தகவல் போய்விடும். இடத்தை இன்ஸ்டாவில் போடவே போடாதீர்கள். மறுநாள் கடப்பாரையோடு ஆள் வருவார்கள்.

யாரிடம் சொல்லணும்?

நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான். நீங்கள் எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில் வராது. கொழிஞ்சாம்பாறை என்றால் கேரளத்தின் 1968 புதையல் சட்டம். பொள்ளாச்சி என்றால் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். இரண்டிலும் போய்ச் சேர வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர்.

1878 சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் எழுத்துமூலம் தெரிவிக்கணும்: என்ன பொருள், எவ்வளவு மதிப்பு, எங்கே, எந்தத் தேதியில். மனுவுக்கு ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்.

எனக்கு என்ன கிடைக்கும்?

அதே சட்டப்படி, புதையலுக்கு உரிமையாளர் யாரும் இல்லை என்று அறிவிக்கப்பட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரணும். மறைத்தால் உங்கள் பங்கு போகும். 1 ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும்.

உருக்கினால் கிடைப்பது ஒரு நாள் தங்க விலை. எழுதி வைத்தால், கணவாய் வழியே யார் வந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்ற கணக்கில் உங்கள் ஊரும் ஒரு வரியாகச் சேரும்.