296 கோடி பீஸ்

பெருமாநல்லூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர்களிடம் பழுதான துணியை நீட்டிப் பாருங்கள். நீளவாக்கில் கோடு ஓடினால் நிட்டிங் மெஷினில் ஊசியைப் பார்க்கச் சொல்வார்கள். குறுக்கே பட்டை விழுந்தால் நூலைப் பார்க்கச் சொல்வார்கள். கணினியின் கெர்னலுக்குள் சம்பந்தமில்லாத எண் வந்து உட்காரும்போதும் இந்தக் கண்தான் வேண்டும்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. புரோகிராம் தரும் தகவலை அது தன் நினைவகத்துக்கு நகலெடுத்துக்கொண்டுதான் வேலை பார்க்கும். லினக்ஸில் அதற்கென்றே 'காப்பி ஃப்ரம் யூசர்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. நகலாகாமல் மிஞ்சிய பைட்களின் எண்ணிக்கையை அது திருப்பித் தரும். பூஜ்யம் வந்தால் வெற்றி. புதிதாக எழுதுபவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு மண்டையைப் பிய்த்துக்கொள்வது வாடிக்கை.

ஒரு கணக்குப் போடுவோம். லேபிள் அச்சிடும் மெஷினுக்கு, கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் எழுதுகிறோம். ஊர்ப்பெயருக்கு 32 பைட், அதை ஒட்டியே பீஸ் எண்ணிக்கைக்கு 4 பைட். அங்கே 500 என்று எழுதியாயிற்று. அடுத்து ஊர்ப்பெயர். ஆங்கிலத்தில் அது 12 பைட், தொல்லையில்லை. தமிழில் 'பெருமாநல்லூர்' ஏழே எழுத்துதான். ஆனால் யூனிகோடு கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். மொத்தம் 13 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 39. அளவு பார்க்காமல் நகலெடுத்தால் 7 பைட் வழிந்து பக்கத்து இடத்தில் ஏறும். 500 பீஸ் 296,42,50,754 பீஸ் ஆகிவிடும்!

பதற வேண்டாம். அந்த எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதினால் பி0 ஏஇ இ0 82. இன்டெல் வகைச் செயலிகள் எண்ணின் கடைசி பைட்டை முதலில் வைப்பதால், நினைவகத்தில் அது 82 இ0 ஏஇ பி0 என்று கிடக்கும். பின் மூன்றும் சேர்ந்தால் 'ர'. முன்னால் நிற்கும் 82, 'லூ'வில் உள்ள ஊகாரக் குறியின் வால். ஊர்ப்பெயர்தான் குற்றவாளி என்று எண்ணே காட்டிக்கொடுத்துவிட்டது.

6பி 6பி என்று வரிசையாக வந்தால் கதை வேறு. பிழைதேடும் வசதியை இயக்கியிருந்தால், விடுவித்த நினைவகத்தை லினக்ஸ் அந்த பைட்டால் நிரப்பி வைக்கும். காலி செய்த வீட்டுக்குள் யாரோ இன்னும் நடமாடுகிறார்கள் என்று அர்த்தம். 2015இல் லினக்ஸ் 4.0 உடன் வந்த 'கேசான்' என்ற பிழைபிடிக்கும் கருவி இத்தகைய தவறுகளை நடக்கும்போதே பிடிக்கும். நம் கணக்கில் 36 பைட் எல்லையைத் தாண்டிய கடைசி 3 பைட்டும் அதனிடம் மாட்டும். ஆனால் பெயர் எல்லைக்குள்ளேயே எண்ணின்மேல் வழிந்து நின்றுவிட்டால், அது கேசான் கண்ணில் படாது.

டிரைவர் எழுதும் தம்பி தங்கைகளே, ஆங்கிலப் பெயரோடு சோதனையை முடித்துவிடாதீர்கள். உங்கள் ஊர்ப்பெயரைத் தமிழிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.