மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்க் கார்கள்

மோட்டார்க் காரின் பெருமை எதில் இருக்கிறது என்று இளைஞர்களைக் கேட்டால், வேகத்தில் இருக்கிறது என்றே பெரும்பாலும் விடை வரும். அதில் வியப்பில்லை. பழைய கார்களைத் தேடிப் பேணும் அன்பர்கள் உலகெங்கும் உளர். அவர்களுள் மிகப் பலர் முதலில் எடுத்துரைப்பன அமெரிக்க நாட்டின் அதிவேகக் கார்களே. 1964ஆம் ஆண்டு வெளிவந்த பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ., அதே ஆண்டு ஏப்ரிலில் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான போர்ட் மஸ்ராங் முதலியன இன்றும் புதுமெருகு குலையாமல் அங்கே போற்றப்படுகின்றன.

நமது யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பெருமைபெற்ற பழைய கார்கள் உண்டு. அவற்றின் பெருமையோ வேறு வகையானது. அவை எக்காலத்திலும் வேகமாக ஓடியவை அல்ல. ஓடவே இயலாதென்றிருந்த காலத்தில் ஓடியவை. அக்கதையை இளந்தலைமுறையினர் அறிந்துகொள்வது நன்றென்று கருதி ஈண்டு எழுதுகிறோம்.

வந்த வழி

ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்னும் பெயர்களைக் கேட்டறியாத முதியோர் குடாநாட்டில் அரியர். இவை இரண்டாவது உலக யுத்தத்தின் பின் இங்கிலாந்தில் உருவானவை. ஒஸ்ரின் கார்கள் பேமிங்காமைச் சேர்ந்த லோங்பிறிட்ஜிலும், மொறிஸ் கார்கள் ஒக்ஸ்போர்ட் நகரை அடுத்த கௌலியிலும் செய்யப்பட்டன. ஏ-40 வரிசையில் டெவன் என்பது 1947 முதல் 1952 வரையும், உருண்டு திரண்ட உருவுடைய சொமர்செற் 1952 முதல் 1954 வரையும் வெளிவந்தன. மொறிஸ் மைனரை வகுத்தமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1948இல் இலண்டனில் அறிமுகமான அவ்வண்டி, பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் காராயிற்று. மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழிவந்த இந்திய வண்டியே அம்பாசடர்; அது 2014 வரை அங்கே செய்யப்பட்டு வந்தது.

அமெரிக்கக் கார்கள் இங்கே பெருகாமைக்குக் காரணமும் உண்டு. அக்காலத்தில் இலங்கை ஸ்ரேளிங் நாணய வட்டாரத்தைச் சேர்ந்திருந்தது. டொலர் கிடைப்பது அரிது. பிரித்தானியப் பொருள் வாங்குவது எளிது. மேலும், மேடு பள்ளமற்ற நமது தெருக்களுக்குப் பெரிய எஞ்சின் எதற்கு? மலாயாவில் உழைத்து ஓய்வுபெற்றோரும், அரசாங்க உத்தியோகத்தரும், புகையிலை வணிகரும் இச்சிறு வண்டிகளை விரும்பி வாங்கினர்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. கார் இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடு வந்தது. 1977இன் பின்னரே யப்பானியக் கார்கள் தாராளமாக வரத் தொடங்கின. இடைப்பட்ட காலமெல்லாம், உள்ள வண்டியைத் திருத்தி ஓட்டுவதன்றி வேறு வழியில்லை. உடைந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் கடையிற் கிடைக்காதபோது, அதனைக் கடைந்தோ ஒட்டியோ வார்த்தோ செய்துகொள்ளும் கைத்திறன் நமது கராஜுகளில் வளர்ந்தது. பின்வந்த பெருஞ் சோதனைக்கு அக்கைத்திறனே துணையாயிற்று.

இலக்கத் தகடு சொல்லும் சரித்திரம்

பழைய காரொன்றைக் கண்டால் அதன் இலக்கத் தகட்டை மாணவர்கள் உற்று நோக்குவார்களாக. ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துக்களைத் தாங்கியவை முற்பட்டவை. நடுவிலே சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைத் தாங்கியவை பிற்பட்டவை. அவ்வெழுத்தை எதிர்த்து 1957இலும் 1958இலும் தமிழ்ப் பகுதிகளில் எழுந்த இயக்கத்தை வரலாறு படித்தோர் அறிவர். ஒரு சாண் தகட்டிலே நாட்டின் அரசியலும் பதிந்து கிடக்கிறது.

பெற்றோல் இல்லாத காலம்

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. தெற்கு நோக்கிய தரைவழி அடைபட்டது. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையிற் சேர்ந்தன. கள்ளத்தனமாக வந்த சிறிதளவு பெற்றோல், சாதாரண மக்கள் எண்ணிப் பார்க்கவொண்ணாத விலைக்கு விற்றது. பெரும்பாலோர் சைக்கிளே கதியென்று கொண்டனர். ஆயினும் பிரசவ வேதனையுற்ற பெண்ணையும், பாம்பு தீண்டிய பிள்ளையையும் சைக்கிளில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வது எங்ஙனம்? அந்நிலையிலேதான், விளக்குக்கும் அடுப்புக்கும் அளந்து கிடைத்த மண்ணெண்ணெயில் ஏ-40 ஓடத் தொடங்கிற்று.

முறை இதுவே: சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவர். வண்டி திணறும், கனைக்கும், கரும்புகை கக்கும், பின் ஓடும். பற்றரி இல்லாதவர்கள் முன்புறத் துவாரத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றினர். அக்கால ஆங்கிலக் கார்களில் இவ்வசதி அமைந்திருந்தது பெரும் பேறாயிற்று.

எப்படி இயன்றது?

இதற்கு விளக்கம் பௌதிக பாடத்தில் உண்டு. எஞ்சின் உருளைக்குள் புகும் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையைப் பிஸ்ரன் அழுத்திச் சுருக்குகிறது. பின்னரே தீப்பொறி படுகிறது. எவ்வளவுக்குச் சுருக்குகிறோமோ அவ்வளவுக்கு ஆற்றல் மிகும். ஆனால் அழுத்தம் மிக மிக எரிபொருளின் தரமும் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும். இன்றேல் கலவை தானே வெடித்து எஞ்சினைத் தட்டிச் சிதைக்கும். மண்ணெண்ணெய் இவ்வகையில் மிகத் தாழ்ந்தது.

பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ.வின் எஞ்சின் ஏறத்தாழ 6,400 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 325 குதிரைவலுவும் உடையது. அது கலவையைப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருக்கியது. உயர்தரப் பெற்றோல் இன்றி அதனை ஓட்ட இயலாது. நமது ஏ-40இன் எஞ்சினோ 1,200 கன சென்ரிமீற்றர் அளவினது. ஆற்றல் ஏறக்குறைய 40 குதிரைவலு. யுத்தம் முடிந்த காலத்து இங்கிலாந்தில் கிடைத்த தரங்குறைந்த பெற்றோலுக்கு ஏற்ப, கலவையை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக மட்டுமே சுருக்கும் வகையில் அஃது அமைக்கப்பட்டது. அந்த மெலிவே மண்ணெண்ணெயைத் தாங்கிக்கொண்டது.

குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் தொடக்கத்திற் பெற்றோல் வேண்டியதாயிற்று. சூடேறியபின் எஞ்சினின் வெப்பமே அதனை ஆவியாக்கியது. மின்னணுக் கருவிகள் எவையும் இல்லாமையால், குறட்டாலும் திருகாணி முடுக்கியாலும் எதனையும் கழற்றிப் பூட்டலாம். பழைய ஏ-40க்கு உடலின் கீழே தனியான இரும்புச் சட்டம் உண்டு. துருப்பிடித்தால் வெட்டி ஒட்டலாம்.

இதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். பிளக்குகளிற் கரி படியும். றிங்குகள் தேயும். ஓட்டுநரும் பிரயாணிகளும் அப்புகையைச் சுவாசித்தனர்.

இரு நாடுகளின் படிப்பினை

1973 ஒக்ரோபரில் அராபிய நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை மட்டுப்படுத்தியபோது, அமெரிக்காவிற் பெற்றோல் நிலையங்களின் முன் கார்கள் வரிசையில் நின்றன. புகைமாசுச் சட்டங்களாலும் காப்புறுதிச் செலவாலும் முன்னரே தளர்ந்திருந்த அதிவேகக் கார்களின் பொற்காலம் அத்தோடு முடிந்தது. எரிபொருள் அருகியபோது அவற்றின் புகழ் தாழ்ந்தது. எரிபொருள் அற்றபோது நமது ஏ-40இன் புகழ் எழுந்தது.

நமக்கு நெருங்கிய உறவு கியூபாவே. 1962 முதல் அமெரிக்கா விதித்த முழு வர்த்தகத் தடையின் கீழ், அந்நாட்டு மக்கள் 1950களின் செவ்றொலே முதலிய கார்களுக்கு ருஷிய வண்டிகளின் பாகங்களைப் பொருத்தி ஓட்டி வந்தனர். ஹவானா நகரத்துக் கராஜுக்காரரும் யாழ்ப்பாணத்துக் கராஜுக்காரரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே கல்வியைக் கற்றவர்கள்.

எனினும், இக்கதையைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். தட்டுப்பாடு மக்கள் விரும்பி ஏற்ற விரதமன்று, அவர்கள்மீது சுமத்தப்பட்டது. நேரத்துக்கு வண்டி கிடையாமல் வழியில் உயிர் நீத்தோரும் இருந்தனர். மக்களின் சாமர்த்தியத்தைப் புகழ்வதானது அவர்களை அந்நிலைக்கு ஆளாக்கிய கொடுமையை மறைத்துவிடலாகாது.

எஞ்சியிருப்பது எது?

2002இல் தரைவழி திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடுண்டது. 2009இல் யுத்தம் முடிந்தபின் புதிய வாகனங்கள் பெருகின. வாடகைக் கார்த் தரிப்பிடங்களில் வரிசையாக நின்ற ஒஸ்ரின்களின் இடத்தை முச்சக்கர வண்டிகள் பிடித்துக்கொண்டன. பழைய கார்கள் சில, கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிச் செல்லப் பூச்சூடி நிற்கின்றன. சில வளவுகளின் பின்புறத்தில் வேலியோடு துருவேறிக் கிடக்கின்றன. இன்னும் சிலவற்றை வெளியூர்ச் சேகரிப்பாளர் விலைகொடுத்து வாங்கிச் செல்கின்றனர். விற்பவரைக் குறைகூறுவதற்கில்லை, வீட்டுத் தேவை அவர்களுக்குத் தெரியும்.

கார் போனாலும் வேறிடத்தில் அஃது உயிரோடிருக்கும். காப்பாற்றப்பட வேண்டியது அதனை ஓடவைத்த அறிவு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வெயர், பழைய காரைப் பேணுவதே சிக்கனம் என்னும் கருத்தை நூலாகவே எழுதினார். இலங்கையில் அவ்வண்டியின் உதிரிப்பாகங்களைச் செய்விக்கவும் முயன்றார். நமது கராஜுக்காரர் நூல் எழுதவில்லை. அவர்களது அறிவு கைகளிலேயே இருக்கிறது, அக்கைகளோ முதுமையடைந்துவிட்டன.

ஆதலால் உயர்தர வகுப்பு மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் உங்கள் ஊரிலுள்ள முதிய கராஜுக்காரரை நாடிச் செல்லுங்கள். மண்ணெண்ணெய்க்காகக் காபுரேற்றரில் அவர் செய்த மாற்றம் என்ன, றிங் கிடையாதபோது எதைக் கடைந்து போட்டார், எத்தனை நாளுக்கொருமுறை எஞ்சின் எண்ணெயை மாற்றினார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள், வரைபடமும் வரைந்துகொள்ளுங்கள். ஒரு கொப்பி, ஒரு பென்சில், சில மாலைப் பொழுதுகள் இருந்தாற் போதும். எழுதி முடித்ததை உங்கள் பாடசாலை நூலகத்தில் வையுங்கள்.