சமாதிக்கும் வெடி வைத்தார்கள்!

பிரபு என்றால் குதிரை வண்டி, விருந்து, வேட்டை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஹாலந்துக்காரர் யோவான் டெர்க் வான் டெர் கப்பெலன் வேறு ரகம்!

ஓவரைசல் மாகாண சபையில், பிரபு என்ற முறையில் அவருக்கு ஒரு நாற்காலி. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். மனுஷன் பேசிவிட்டார்! விவசாயிகள் வருஷத்துக்கு இரண்டு நாள் அதிகாரிக்குக் கூலியில்லாமல் உழைக்கவேண்டும். இல்லாவிட்டால் பணம் கட்டவேண்டும். 'இது 1631-லேயே ரத்தான சமாசாரமாச்சே' என்று பழைய காகிதங்களைக் கிளறினார். அவ்வளவுதான், 1778-ல் சக பிரபுக்கள் அவரைச் சபைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

சும்மா இருந்தாரா? 1781 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் ஊர் ஊராக வீதிகளில் ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. தலைப்பு, 'நெதர்லாந்து மக்களுக்கு'. ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியமுக்கு எதிராக ஜனங்களைத் தட்டியெழுப்பும் எழுத்து. எழுதியவர் பெயர்? மூச்! காட்டிக்கொடுத்தால் பரிசு என்று அறிவித்தும் பலனில்லை.

1782-ல் அந்த ஓசி உழைப்பு ஒழிந்தது. அவரும் சபைக்குத் திரும்பினார். 1784-ல், 42 வயதில் காலமானார். அப்போதும் விடவில்லை. 1788-ல் வில்லியம் கட்சிக்காரர்கள் அவர் சமாதியை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். புத்தகத்தை எழுதியது அவர்தான் என்று ஊர்ஜிதமாக மேலும் நூறு வருஷம் பிடித்தது.

நாற்காலிக்காக வாயை மூடிக்கொண்டவர்களை நிறையப் பார்த்தாச்சு. வாய்க்காக நாற்காலியை இழந்தவர்கள் எத்தனை பேர், சொல்லுங்கள்?